ரோக் ஆற்றின் காட்டுப் பகுதியில் படகுப் பயணம்: குலுக்கல் விண்ணப்பம் முதல் ஃபாஸ்டர் பார் வரை

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் மலைகளை அறுத்துக்கொண்டு பசிபிக் கடலை நோக்கி ஓடுகிறது ரோக் ஆறு. அதன் காட்டுப் பகுதியில் மூன்று நான்கு நாள் துடுப்புப் போட்டு, மணல் திட்டுகளில் கூடாரம் அடித்துத் தங்கிப் போக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவையான தகவல் எதுவும் ரகசியமல்ல. ஆனால் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எதை எந்த மாதத்தில் செய்ய வேண்டும், எது தவறினால் பயணமே இல்லாமல் போகும் என்பதை வரிசையாகச் சொல்பவர்கள் குறைவு. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடி அலைந்து நான் பட்ட பாட்டை அடுத்தவர்களும் படத் தேவையில்லை.

நாம் பேசப் போவது கிரேவ் கிரீக் என்ற இடத்தில் தொடங்கி ஃபாஸ்டர் பார் என்ற இடத்தில் முடியும் 34 மைல் நீளப் பகுதியைப் பற்றி. ஏறத்தாழ 55 கிலோமீட்டர். 1968-இல் வந்த காட்டாறுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதலில் சேர்க்கப்பட்ட எட்டு ஆறுகளில் ரோக் ஒன்று. இந்தப் பகுதியில் அணை கிடையாது, பாலங்கள் மிகக் குறைவு, நடுவில் மேரியல் போன்ற ஓரிடத்தைத் தவிர சாலை ஆற்றை நெருங்குவதில்லை. கைப்பேசி வேலை செய்யாது. ஒருமுறை இறங்கிவிட்டால் மறுமுனையில்தான் ஏற முடியும் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு ஏற்பாட்டையும் செய்ய வேண்டும்.

1. முதலில் யார் படகை ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

கோடையில் இங்கே இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும்; தனியார் குழுக்களுக்கு அதைக் குலுக்கலில் தருகிறார்கள். பலர் அந்தச் சீட்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். சீட்டு கிடைத்த பிறகு ஓட்டுவதற்கு ஆள் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். குலுக்கலில் யாருக்கு வேண்டுமானாலும் சீட்டு விழும். அங்கே உங்கள் திறமையை யாரும் சோதிப்பதில்லை.

தண்ணீர் பாறைகளுக்கிடையே சீறி இறங்கும் இடங்களை இங்கே பாய்ச்சல் என்று எழுதுகிறேன். அவற்றை ஒன்று முதல் ஆறு வரை கடினத்தன்மை வைத்துத் தரம் பிரிப்பார்கள். இந்த 34 மைலில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் தரம். பிளாசம் பார் என்ற ஒரு பாய்ச்சல் நான்காம் தரம். ரெய்னி அருவி ஐந்தாம் தரம். அதன் முதன்மை வீழ்ச்சியில் யாரும் சும்மா இறங்கிவிட மாட்டார்கள். ஏரியில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டிய பழக்கத்தையும், ரிஷிகேஷில் வழிகாட்டியோடு ராஃப்ட் என்ற காற்றடைத்த பெரிய படகில் உட்கார்ந்து வந்த அனுபவத்தையும் இங்கே கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதியவருக்கு இரண்டே வழிகள்தான் நியாயமானவை. ஒன்று, உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழிகாட்டிகளோடு போவது. அப்போது அனுமதிச் சீட்டு, சாப்பாடு, கழிவறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. அடுத்து வரும் படிகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. வழிகாட்டி கூட இருக்க, நீங்கள் தனியாகக் காற்றடைத்த கயாக் ஓட்டவும் சில நிறுவனங்கள் இடம் தருகின்றன. மற்றது, இந்த ஆற்றையே ஏற்கெனவே ஓட்டிய, நான்காம் தரப் பாய்ச்சலில் பழக்கமுள்ள ஒருவர் குழுவில் இருக்க, அவர் தலைமையில் சொந்தமாகப் போவது. படகுக்கு ஒருவர் அப்படித் தேவை. மூன்று படகுக்கு ஒரே அனுபவசாலி என்றால், அவர் முதலில் இறங்கிப் போன பிறகு மற்ற இரண்டு படகுகளையும் யார் பார்ப்பது?

பயிற்சிக்கு ஒரு நல்ல இடம் அருகிலேயே இருக்கிறது. கிரேவ் கிரீக்குக்கு மேலே, ஹாக் கிரீக்கிலிருந்து கலீஸ் ஊர் வழியாகக் கிரேவ் கிரீக் வரையுள்ள பகுதிக்குச் சொந்தப் படகில் போகிறவர்களுக்குக் குலுக்கல் கிடையாது. சாலை ஆற்றை ஒட்டியே வருகிறது. காட்டுப் பகுதிக்குள் போவதற்கு முன் குழு முழுவதும் அங்கே ஒருநாள் சேர்ந்து துடுப்புப் போடுங்கள். யார் சொன்னால் யார் கேட்கிறார்கள், யாருக்குத் தண்ணீரில் விழுந்தால் பதற்றம் வருகிறது என்பதெல்லாம் அந்த ஒருநாளில் தெரிந்துவிடும்.

2. குலுக்கல்: டிசம்பர், ஜனவரி

மே 15 முதல் அக்டோபர் 15 வரை இந்தப் பகுதியில் இறங்க அனுமதிச் சீட்டு கட்டாயம். வணிக நிறுவனங்களோடு வருகிறவர்களையும் சேர்த்து நாளொன்றுக்கு 120 பேரைத்தான் விடுகிறார்கள். தனியார் குழுக்களுக்கான இடங்களைக் குலுக்கலில் தருகிறார்கள். விண்ணப்பிக்கும் காலம் டிசம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை. ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற கூட்டாட்சி அரசுத் தளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 6 டாலர். சீட்டு விழாவிட்டாலும் அது திரும்ப வராது.

இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தளத்தில் கொடுக்கும் பெயர், ஆற்றங்கரை அலுவலகத்தில் காட்டப் போகும் புகைப்பட அடையாள அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். தகப்பனார் பெயரை முதலெழுத்தாக வைத்திருப்பவர்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லாதவர்கள், ஓட்டுநர் உரிமத்தில் முன்பெயர் என்ற இடத்தில் FNU (முன்பெயர் தெரியவில்லை) என்ற மூன்று எழுத்துச் சுருக்கம் விழுந்தவர்கள் என்று நம்மில் எத்தனையோ பேருக்கு ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு பெயர் இருக்கும். எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். வீட்டில் அழைக்கும் பெயரோ, அலுவலகத்தில் வழங்கும் சுருக்கமோ வேண்டாம்.

குழுவில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரில் தனியாக விண்ணப்பிக்கலாம். எட்டுப் பேர் விண்ணப்பித்தால் எட்டு வாய்ப்பு. ஆனால் சீட்டு யார் பெயரில் விழுகிறதோ அவர் பயணத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் பொருள் அல்ல அது. அதனால் கடைசி நேரத்தில் விடுப்புக் கிடைக்காமல் போகக் கூடியவர், அந்தக் கோடையில் விசா வேலையாக ஊருக்குப் போகக் கூடியவர் ஆகியோர் விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது. இருவருக்கு விழுந்தால் ஒன்றை உடனே திருப்பிக் கொடுங்கள். அது வேறு ஒரு குடும்பத்தின் கோடைக்காலம்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான சூட்சுமம். வெள்ளி, சனி இறங்கும் தேதிகளுக்கும் ஜூலை மாதத்துக்கும் எல்லோரும் போட்டியிடுவார்கள். செவ்வாய், புதன் கேளுங்கள். மே மாதக் கடைசியில் தண்ணீர் அதிகம், குளிரும் அதிகம். விழுந்தால் உடல் சில நிமிடங்களில் விறைத்துப்போகும். ஆகஸ்டில் வெயில் நன்றாக இருக்கும். ஆனால் நீர்மட்டம் இறங்கிப் பாறைகள் தலைதூக்கியிருக்கும், காட்டுத்தீயின் புகையும் பள்ளத்தாக்கில் வந்து நிற்கலாம். முதல் பயணத்துக்கு ஜூன் கடைசி வாரம் அல்லது செப்டம்பர் நடுப்பகுதி என்பது என் தேர்வு. செப்டம்பரில் மீன்பிடிப் படகுகள் நிறைய வரும். அவர்கள் தூண்டில் போடும் இடத்தை விலகிக் கடந்து போனால் பிரச்சினை இல்லை.

தலைக்கணக்கை விண்ணப்பிக்கும்போதே இறுதி செய்துவிடுங்கள். தனியார் குழுவில் அதிகபட்சம் 20 பேர். நாளின் வரம்பு தலைகளை வைத்துத்தான், குழுக்களை வைத்து அல்ல. எட்டுப் பேர் என்று வாங்கிவிட்டுப் பிறகு மச்சானையும் அவர் மனைவியையும் சேர்க்க வேண்டுமென்றால், அன்றைக்கு இரண்டு இடம் காலியிருந்தால்தான் நடக்கும். குறைப்பது எளிது, கூட்டுவது கடினம்.

முடிவு பிப்ரவரியில் மின்னஞ்சலில் வரும். வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். குறிப்பிட்ட தேதிக்குள் தளத்தில் நுழைந்து ஏற்றுக்கொண்டு, தலைக்கு 10 டாலர் பயன்பாட்டுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். கெடு தேதி அந்த மின்னஞ்சலிலேயே இருக்கும். தவறினால் இடம் பொதுவுக்குப் போய்விடும்.

3. குலுக்கலில் விழவில்லையா?

மனம் தளராதீர்கள். இந்த வழியில் ஆற்றுக்குப் போனவர்கள் ஏராளம். ஏற்றுக்கொள்ளப்படாத இடங்களும் கைவிடப்பட்ட இடங்களும் வசந்த காலத்தில் தளத்தில் திறந்துவிடப்படும். முதலில் வருபவருக்கு முதலில். அதன்பின் கோடை முழுவதும் யாராவது ரத்து செய்துகொண்டே இருப்பார்கள். பத்துப் பேருக்கு ஒரே நாளில் இடம் கிடைப்பது அரிது. நான்கு பேருக்குக் கிடைப்பது அவ்வளவு கடினமல்ல. தளத்தில் நாட்காட்டி வடிவில் காலியிடங்கள் தெரியும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இறங்கும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது ரத்துகள் அதிகம் வரும். ஆனால் அதற்குள் படகு, கார் ஏற்பாடு எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

அக்டோபர் 15-க்குப் பிறகு குலுக்கல் இல்லையே என்று புதியவர்கள் நினைக்க வேண்டாம். மழையும் வெள்ளமும் குளிரும் சேர்ந்த பருவம் அது. பழுத்த அனுபவசாலிகளுக்கே உரியது.

4. பணக் கணக்கு

அனுமதிச் சீட்டுதான் இந்தப் பயணத்தில் மிக மலிவான செலவு. எட்டுப் பேர் குழுவுக்கு ஒரு விண்ணப்பத்துக்கு 6 டாலர், பயன்பாட்டுக் கட்டணம் 80 டாலர். பெரிய செலவுகள் வேறு.

ராஃப்ட், இரும்புச் சட்டம், துடுப்புகள், ஐஸ் பெட்டி, தண்ணீர் புகாத பைகள் எல்லாம் மெர்லின், கலீஸ், கிரான்ட்ஸ் பாஸ் பகுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும். முழுத் தொகுப்போடு ஒரு ராஃப்ட்டுக்கு நாளொன்றுக்கு நூறு டாலருக்கு மேல் எதிர்பாருங்கள். வாடகையைக் கணக்கிடும்போது படகை எடுக்கும் நாளும் திருப்பிக் கொடுக்கும் நாளும் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு நாள் பயணம் ஆறு நாள் வாடகையாவது இங்கேதான். முன்பணம் திரும்புமா, எந்தத் தேதி வரை திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காட்டுத்தீயால் சாலை மூடப்பட்டால் என்ன செய்வார்கள் என்று தனியாகக் கேளுங்கள். ரத்து விதிகளில் பெரும்பாலும் இந்த ஒன்று தெளிவாக இருக்காது.

இவற்றோடு ஒரிகனின் நீர்வழி அனுமதி என்ற ஒன்றும் உண்டு. துடுப்புப் படகுகளுக்கானது, மாநிலப் படகு வாரியம் இணையத்தில் விற்கிறது, சில டாலர்கள்தான். எந்த அளவுப் படகுக்குத் தேவை என்ற விதி மாறக்கூடியது என்பதால் போகும் ஆண்டின் விதியை வாரியத்தின் தளத்தில் பாருங்கள். வாடகைப் படகு என்றால் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்கள்.

வழிகாட்டி நிறுவனத்தோடு போனால் தலைக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆற்றோரம் இரவு தங்க பிளாக் பார், மேரியல், பேரடைஸ், ஹாஃப் மூன் பார், க்ளே ஹில் என்று சில விடுதிகள் உள்ளன. விடுதியில் தங்குவதால் அனுமதிச் சீட்டிலிருந்து விலக்குக் கிடைக்காது. சீட்டு உறுதியான அன்றே விடுதியையும் பதிவு செய்யுங்கள். போகிற வழியில் நுழைந்து இடம் கேட்கிற பழக்கம் அங்கே செல்லாது.

5. காரை மறுமுனைக்குக் கொண்டுபோவது

படகு கிரேவ் கிரீக்கில் இறங்கும்; நீங்கள் ஃபாஸ்டர் பாரில் ஏறுவீர்கள். கார் அங்கே காத்திருக்க வேண்டும். நீங்கள் ஆற்றில் இருக்கும்போது உங்கள் காரை ஓட்டிக்கொண்டு போய் மறுமுனையில் நிறுத்தும் ஷட்டில் சேவைகள் மெர்லின், கலீஸ் பகுதியில் இருக்கின்றன. ஒரு காருக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். நீங்களே செய்ய நினைத்தால் இரண்டு கார்களோடு போய் ஒன்றை விட்டுவிட்டுத் திரும்ப ஒரு முழுநாள் போய்விடும். பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்பேன்.

காரின் காப்பீடு வேறொருவர் ஓட்டுவதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். வாடகைக் கார் என்றால் இன்னும் கவனம்; ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். தூர ஊரிலிருந்து மெட்ஃபோர்ட் விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவர்களுக்கு ஆட்களையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் சேவை பொருந்தும். இன்னொரு சாவியை உங்களோடு தண்ணீர் புகாத பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரு முனைகளையும் இணைப்பது பேர் கேம்ப் சாலை. மலை உச்சியைத் தாண்டும் குறுகிய சாலை. கலீஸிலிருந்து ஃபாஸ்டர் பாருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். சில ஆண்டுகளில் மே மாதக் கடைசி வரைகூடத் திறக்காது. மூடியிருந்தால் கிரான்ட்ஸ் பாஸிலிருந்து கடற்கரைக்குப் போய்க் கோல்டு பீச் வழியாகச் சுற்ற வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறையாது, ஷட்டில் கட்டணமும் ஏறும். மே மாதப் பயணம் என்றால் சாலை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இந்தச் சாலையிலிருந்து மரம் வெட்டுபவர்களுக்கான கிளைச் சாலைகள் பல பிரிகின்றன. 2006-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு குடும்பம் அப்படி ஒரு கிளையில் திரும்பிப் பனியில் சிக்கி, உதவி தேடி நடந்த தந்தை உயிரிழந்தார். கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்குவழியை இங்கே நம்பாதீர்கள். சாலைப் பலகைகளைப் பார்த்து ஓட்டுங்கள்.

6. கட்டாயச் சாமான்கள்

இவை இல்லாமல் இறங்க முடியாது: மனிதக் கழிவை வெளியே எடுத்து வருவதற்கான கழிவறைப் பெட்டி, நெருப்புத் தட்டு, ஒவ்வொருவருக்கும் சரியான அளவில் லைஃப் ஜாக்கெட்.

கழிவறையைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசுகிறேன், ஏனென்றால் புதிய குழுக்கள் அலட்சியம் செய்வது இதைத்தான். ஒவ்வொரு கோடையும் ஆயிரக்கணக்கானோர் அதே மணல் திட்டுகளில் தங்குகிறார்கள். குழி தோண்டிப் புதைத்தால் அடுத்து வருபவரின் கூடாரம் அதன்மேல்தான். கசியாத, இறுக்கி மூடக்கூடிய, கழுவிப் பயன்படுத்தும் பெட்டி வேண்டும். படகு வாடகைக்குத் தருகிறவர்களே இதையும் தருவார்கள். எத்தனை பேருக்கு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். படகில் கட்டும்போது வெயில் நேராகப் படாத இடத்தில், கவிழ்ந்தாலும் கழன்றுவிடாதபடி இரண்டு பட்டைகளால் கட்டுங்கள். முகாமுக்கு வந்ததும் முதலில் இறக்க வேண்டியதும், கிளம்பும்போது கடைசியாக ஏற்ற வேண்டியதும் இதுதான்.

நெருப்புத் தட்டு, மணலில் நேரடியாகத் தீ மூட்டாமல் இருக்க. சாம்பலையும் எடுத்து வர வேண்டும். கோடையில் தீத் தடை வந்தால் விறகுத் தீ அறவே கூடாது. கேஸ் அடுப்பு மட்டும். தடை நாளுக்கு நாள் மாறும் என்பதால் இரண்டையும் கொண்டுபோங்கள்.

மூன்றாம் தரத்திலும் அதற்கு மேற்பட்ட தரங்களிலும் உள்ள பாய்ச்சல்களில் படகிலுள்ள அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும் என்பது ஒரிகன் சட்டம். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வைத்திருந்தால் போதாது. கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு தவறு. படகில் ஒரு விசில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்; ஒவ்வொருவர் ஜாக்கெட்டிலும் ஒன்று கட்டிவிடுங்கள். காற்றடைத்த கயாக்கில் வருகிறவர்களுக்கு ஹெல்மெட் நிச்சயம் வேண்டும்.

இவற்றுக்கு மேல்: செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று, தண்ணீரில் விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பை படகுக்கு ஒன்று, காற்றடிக்கும் பம்ப், ஒட்டுப்போடும் சாமான், உபரித் துடுப்பு, முதலுதவிப் பெட்டி, குடிநீர் வடிகட்டி. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரை இழுக்கும். செருப்பு என்றால் குதிகாலில் பட்டை உள்ளது மட்டும்.

சாப்பாட்டில் நம் சமையல் இங்கே பெரிய துணை. முதல்நாள் மதியத்துக்குப் புளியோதரை. கரையில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, ஐஸ் பெட்டியிலும் இடம் அடைக்காது. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் இரண்டாம் நாள் வரை தாங்கும். வெட்டிய காய்கறிகளை நாள்வாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு, கடைசி நாளுக்கானதை ஐஸ் பெட்டியின் அடியில் வைக்க வேண்டும்.

7. இறங்கும் காலை

ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் மெர்லினுக்கான 61-ஆம் வெளிவழியில் இறங்கி, கலீஸ் தாண்டிப் போனால் ரேண்ட் என்ற இடத்தில் ஸ்மல்லின் பார்வையாளர் மையம் வரும். அனுமதிச் சீட்டை அங்கேதான் நேரில் வாங்க வேண்டும். சீட்டு விழுந்தவர் புகைப்பட அடையாள அட்டையோடு போக வேண்டும். குழுவில் எல்லோருடைய பெயர்ப் பட்டியலையும், தளத்திலிருந்து வந்த உறுதிக் கடிதத்தையும் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். அங்கே போய்க் கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம் என்றால் சிக்னல் இருக்காது. அலுவலக நேரத்தை முந்தைய வாரமே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணியாளர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இன்று எத்தனை கனஅடி ஓடுகிறது, தீத் தடை இருக்கிறதா, எந்த முகாமில் கரடித் தொல்லை. மற்ற எந்தத் தளத்திலும் இவ்வளவு புதிய தகவல் கிடைக்காது. கோடையில் இந்த ஆற்றில் வினாடிக்கு 1,200 முதல் 2,000 கனஅடி வரை ஓடுவது வழக்கம். மேலே லாஸ்ட் கிரீக் ஏரி அணையிலிருந்து விடும் தண்ணீரைப் பொறுத்து மாறும்.

முந்தைய இரவு இந்தியன் மேரி, அல்மேடா ஆகிய மாவட்டப் பூங்காக்களில் கூடாரம் அடிக்கலாம். கிரேவ் கிரீக் இறங்குதுறை சிறியது. காற்றடித்து, கட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், சாமான்களைத் துறையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். சரிவின் நடுவில் பரப்பினால் பின்னால் வருகிற எல்லோரும் உங்களுக்காக நிற்க வேண்டியிருக்கும்.

8. ஆற்றில் நிற்க வேண்டிய இடங்கள்

இதைப் படித்துவிட்டு ஓட்ட முடியாது; எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன். தண்ணீர் புகாத தாளில் அச்சிட்ட ஆற்று வரைபடம் ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும். வலம், இடம் எல்லாம் நீரோட்டத்தின் திசையில் பார்த்துச் சொல்வது.

இறங்கிய இரண்டு மைலுக்குள் ரெய்னி அருவி. இரைச்சல் முன்னதாகவே கேட்கும். வலப்பக்கம் மீன்கள் ஏறுவதற்காக வெட்டிய குறுகலான கால்வாய் இருக்கிறது. பெரும்பாலானோர் அதன் வழியாகப் படகைக் கயிற்றால் பிடித்து இறக்குவார்கள், அல்லது மெதுவாக ஓட்டிப் போவார்கள். பாறை வழுக்கும், கயிறு காலைச் சுற்றும். அவசரம் வேண்டாம். அங்கே ஒரு மணி நேரம் போனால் போகட்டும்.

மியூல் கிரீக் பள்ளத்தாக்கு மூன்றாம் நாள் காலையில் வரும் வகையில் முகாமை அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். சில இடங்களில் ராஃப்ட் குறுக்கே திரும்பினால் இரு முனையும் சுவரில் முட்டும் அளவுக்குக் குறுகல். காஃபி பாட் என்ற இடத்தில் தண்ணீர் அடியிலிருந்து கொதித்து மேலே வருவதுபோலப் பொங்கி, படகைப் பிடித்துச் சுழற்றும். துடுப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு, படகின் மூக்கை நேராக வைத்துப் பொறுமையாக இருந்தால் தானே விடும். அதைத் தாண்டியதும் இடப்பக்கம் ஸ்டேர் கிரீக் ஓடை படிப்படியாக விழுகிறது. அங்கே கொஞ்சம் இளைப்பாறுங்கள். அடுத்து வருவதற்கு முன் கைகள் ஓய வேண்டும்.

அடுத்தது பிளாசம் பார். இந்த ஆற்றில் உயிர்கள் போன இடம். வலக்கரையில் ஒதுங்கி, பாறை மேல் ஏறி, குழு முழுவதும் நின்று பாருங்கள். நுழைவு இடப்பக்கம். நுழைந்த பிறகு நீரோட்டம் உங்களை இடப்பக்கமே கீழே இழுத்துக்கொண்டு போகும். அங்கே வேலிக் கம்பிகள்போல வரிசையாகப் பாறைகள் நிற்கின்றன. பெயரே பிக்கெட் ஃபென்ஸ். தண்ணீர் அவற்றின் இடுக்குகளில் புகுந்து போய்விடும், படகு போகாது. மோதிய படகு பாறையோடு ஒட்டி மடங்கிக்கொள்ளும். அதனால் நுழைந்ததும் பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து வலப்பக்கமாக வலுவாக இழுத்து நடுவழிக்குள் நுழைய வேண்டும். இந்த ஒரு நகர்வுதான் எல்லாம். கரையில் நிற்கும்போது ஓட்டுநர் அதைக் கையால் காட்டி விளக்கட்டும்; மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். முன்னால் போகும் குழு எப்படிப் போகிறது என்று பாருங்கள். சந்தேகம் இருக்கிற பயணிகள் கரையோரப் பாறைகள் வழியாகச் சுற்றி நடந்து கீழே ஏறிக்கொள்ளலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

படகு பாறையில் மோதப் போகிறது என்றால் உடல் பயந்து பாறையிலிருந்து விலகிப் பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் படகின் ஓரத்தில் ஏறி அதைக் கவிழ்த்துவிடும். எல்லோரும் பாறையின் பக்கமே பாய வேண்டும். இதை முதல்நாள் கரையில், காய்ந்த படகில் உட்கார்ந்து பழகுங்கள். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, பாதங்களை முன்னால் நீட்டி மிதந்து வாருங்கள்; ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும்.

பிளாசம் பாரைத் தாண்டியதும் உடனே டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் என்ற பாய்ச்சல் இருக்கிறது. மேலே கவிழ்ந்தவர்களை அதற்குள் பிடித்தாக வேண்டும் என்பதால் முதல் படகு கயிற்றுப் பையோடு கீழே காத்திருக்க வேண்டும். அதன்பின் ஆறு சாந்தமாகிவிடும். கோல்டு பீச்சிலிருந்து வரும் ஜெட் படகுகள் பிளாசம் பாரின் கீழ்ப்பகுதி வரை வரும். சத்தம் கேட்டதும் ஓரம் ஒதுங்குங்கள். பிற்பகலில் கடற்பக்கமிருந்து எதிர்க்காற்று வீசும், அதனால் கடைசி மைல்களைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

9. முகாமும் கரடியும்

முகாம்களுக்கு முன்பதிவு கிடையாது. மதியம் மூன்று மணிக்கு மேல் நல்ல இடங்கள் நிரம்பிவிடும். சிறிய குழு பெரிய திட்டைப் பிடிக்காமல் இருப்பது இங்குள்ள மரியாதை. பின்னால் இருபது பேர் வரலாம்.

கருங்கரடிகள் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய உண்டு, ஐஸ் பெட்டி என்றால் என்னவென்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும். சில முகாம்களில் உணவைப் பாதுகாக்க மின்வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்குள் ஐஸ் பெட்டி, சமையல் பை, குப்பை மட்டுமல்ல. பற்பசை, சோப்பு, குழந்தையின் பிஸ்கட் பொட்டலம் வரை எல்லாம் போக வேண்டும். கூடாரத்துக்குள் எதுவும் கூடாது. வேலி இல்லாத இடத்தில் கரடி திறக்க முடியாத பெட்டி வேண்டும். சாதம் வடித்த கஞ்சியையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வடிகட்டி, பருக்கைகளைக் குப்பைப் பையில் போடுங்கள்.

கரையோரம் மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் செடியைத் தொடாதீர்கள். விஷ ஓக் அது. இரண்டு நாளில் கொப்பளம் கிளம்பும். பாறை இடுக்கில் கைவைக்கும் முன் பாருங்கள், சாரைப்பாம்பல்ல, நச்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு அங்கே வெயில் காயும்.

10. ஃபாஸ்டர் பாரில் ஏறும்போது

வலக்கரையில் அகன்ற சரளைத் திட்டும் படகுத்துறையும் தெரியும். கார் அங்கே இருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்த்த பிறகு மற்றவர்கள் அவிழ்க்கத் தொடங்கட்டும். பட்டைகளையும் கொக்கிகளையும் எண்ணி எடுங்கள். தொலைந்த ஒவ்வொன்றுக்கும் வாடகைக்காரர் காசு பிடிப்பார். படகை அங்கேயே தண்ணீர் ஊற்றிக் கழுவி, மணலைத் தட்டி, முடிந்த அளவு உலர்த்துங்கள். கழிவறைப் பெட்டியை எங்கே, எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பதை வாடகை எடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். சிலர் காலி செய்து கழுவித் தரச் சொல்வார்கள், சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு தாங்களே செய்வார்கள். இரண்டாவதுக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

திரும்பும் வழியில் பேர் கேம்ப் சாலையை இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல்தான் கரையேறுகிறீர்கள் என்றால், அன்றிரவு அருகிலுள்ள ஆக்னஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். பெட்ரோலைத் தொடக்கத்தில் மெர்லினிலேயே நிரப்பி அனுப்பியிருந்தால் நிம்மதி.